சொந்தமாக ட்ரோன் கட்டப் போகிறீர்களா? எந்தப் பாகத்தில் காசை மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் நான்கு மோட்டார் ட்ரோன் கட்ட ஆசைப்படும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். படிவம் நான்கு மாணவர்களும் பாலிடெக்னிக்கில் படிக்கிறவர்களும் மட்டுமல்ல, வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையும், அவர்களுடைய பெற்றோர் கேட்டவற்றையும் இங்கே தொகுத்து என் பதில்களைத் தந்திருக்கிறேன். குறைந்த செலவில் கட்டுவது வேறு, இருப்பதிலேயே மலிவானதை வாங்குவது வேறு. பதில்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

அண்ணே, முதலில் எதை வாங்கணும்? மோட்டாரா, ஃபிரேமா?

எதையும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு தாளை எடுத்து எடைக் கணக்கு போடுங்கள். 450 மில்லிமீட்டர் ஃபிரேம் ஏறக்குறைய 280 கிராம். மோட்டார்கள் நான்கும் சேர்ந்து 220. இ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பலகை) நான்கு, 100. மூன்று செல் 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி 380. கன்ட்ரோலர் (ட்ரோனின் மூளையாக இருக்கும் பலகை), ரிசீவர் (ரிமோட் அனுப்புவதை வாங்கும் கருவி), ஜி.பி.எஸ். மூன்றும் சேர்ந்து 80 போல வரும். விசிறி, ஒயர், திருகு எல்லாவற்றுக்கும் ஒரு 100 வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 1160 கிராம்.

நான்கு மோட்டாரும் முழு வேகத்தில் தூக்கக்கூடிய எடை, இந்த மொத்த எடையைப் போல் குறைந்தது இரண்டு மடங்காக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 800 கிராம் தூக்கினால் மொத்தம் 3200. அதாவது இரண்டரை மடங்குக்கும் மேலே. காற்றடித்தாலும் சமாளிக்கும், கைப்பேசி எடையில் ஒரு கேமராவைப் பிறகு சேர்த்தாலும் இடமிருக்கும்.

இந்தக் கணக்கு இல்லாமல் மலிவு விற்பனையில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவித்தால், ஒன்றோடு ஒன்று சேராத பாகங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கும், ட்ரோன் இருக்காது. எடை தெரிந்தால் விசிறியின் அளவு தெரியும். விசிறி தெரிந்தால் மோட்டார், மோட்டார் தெரிந்தால் இ.எஸ்.சி., அதற்கப்புறம் பேட்டரி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வீடியோவில் பார்க்கிற ஐந்து அங்குல விசிறி வைத்த ரேஸ் ட்ரோன் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் முதல் ட்ரோனாக வேண்டாம். அதைத் திரை வைத்த கண்ணாடி மாட்டிக்கொண்டு கேமரா வழியாகப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அந்தக் கண்ணாடி, கேமரா, வீடியோ டிரான்ஸ்மிட்டர் மூன்றுக்கும் ஆகும் செலவில் 450 ட்ரோன் ஒன்றை முழுதாகக் கட்டிவிடலாம். 450 என்பது ஒரு மோட்டாரிலிருந்து குறுக்கே எதிர் மோட்டார் வரையுள்ள தூரம். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றுவதால் மின்சாரம் குறைவாகத் தின்னும். தரையில் நின்றபடி கண்ணால் பார்த்தே ஓட்டலாம். உடைந்தால் ஒரு கையை மட்டும் கழற்றி மாற்றலாம். கடைக்குப் போக ஈப்போ வரை ஓட வேண்டிய நம் ஊரில் இந்தக் கடைசி விஷயத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

என்னிடம் காசு கொஞ்சம்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

கையில் நூறு ரிங்கிட் இருப்பதாக வைத்துக்கொண்டு பங்கு சொல்கிறேன். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் முப்பது. ரிமோட், ரிசீவருக்கு இருபத்தைந்து. மோட்டார், இ.எஸ்.சி.க்கு இருபத்தைந்து. கன்ட்ரோலருக்குப் பதினைந்து. மிச்சமிருக்கும் ஐந்தில் ஃபிரேமையும் விசிறியையும் முடித்துவிடுங்கள். ஜி.பி.எஸ்.ஸை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

ரிமோட்டும் சார்ஜரும் இந்த ட்ரோனோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் அவைதான் உழைக்கும். அதனால் அவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். ஃபிரேம் உடைவதற்கென்றே இருப்பது, அதில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம்.

மோட்டாரில் 2212, 920 கே.வி. என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

2212 என்பது உள்ளே கம்பி சுற்றியிருக்கும் பாகத்தின் அளவு: விட்டம் 22 மில்லிமீட்டர், உயரம் 12. கே.வி. என்பது விசிறி மாட்டாமல் சும்மா சுற்றும்போது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. 920 கே.வி. மோட்டாருக்கு 11.1 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய 10,200 சுற்று. சைக்கிளில் பல்சக்கரம் மாற்றுவதைப் போலத்தான் இது. கே.வி. குறைவென்றால் பெரிய விசிறியை நிதானமாகச் சுற்றும், கூடினால் சின்ன விசிறியை வேகமாகச் சுற்றும். கே.வி. கூடுதலாக இருப்பது நல்ல மோட்டார் என்று நினைத்துக்கொண்டு 2200 கே.வி. மோட்டாரில் பத்து அங்குல விசிறியை மாட்டினால் மோட்டாரும் இ.எஸ்.சி.யும் சேர்ந்தே கருகும்.

450 ஃபிரேமுக்கு 2212 அளவில் 920 கே.வி.யும் 1000 கே.வி.யும் மலிவாகக் கிடைக்கின்றன. நான் 920ஐத்தான் சொல்வேன். அதில் இரண்டு மோட்டாருக்கு வலமாகவும் இரண்டுக்கு இடமாகவும் மரை இருக்கும், சுற்றச் சுற்ற விசிறி தானே இறுகும். 1000 கே.வி. பொன்னிற மோட்டாரில் விசிறியைக் கூம்பு வடிவ நட்டு பிடித்திருக்கிறது. அதிர்வில் அது தளர்ந்தால் விசிறி வானத்திலேயே கழன்றுபோகும். அதைத்தான் வாங்க முடியும் என்றால் ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்னும் நட்டைத் தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. மோட்டாரைப் பிடிக்கும் மூன்று மில்லிமீட்டர் திருகு நீளமாக இருந்தால் உள்ளே போய்ச் செம்புச் சுருளைக் குத்திவிடும். திருகைப் போடும்போது மோட்டாரின் அடிப்பக்கத் துளை வழியாக எட்டிப் பாருங்கள்.

விசிறி?

பிளாஸ்டிக்கே போதும். 1045 என்றால் பத்து அங்குல விட்டம், 4.5 அங்குலப் புரி (ஒரு சுற்றுக்கு விசிறி முன்னேறக்கூடிய தூரம்). முதல் மாதத்தில் நிறைய உடையும், மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். வலம், இடம் இரண்டு வகையும் சம எண்ணிக்கையில் வருகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

இ.எஸ்.சி. எத்தனை ஆம்பியர் எடுப்பது?

மேலே சொன்ன மோட்டார் முழு வேகத்தில் 15 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். 20 ஆம்பியர் இ.எஸ்.சி. போதும். விலை வித்தியாசம் சொற்பம் என்றால் 30 எடுங்கள், வெயிலில் சூடேறாது. அதற்கு மேல் போவது வீண் எடை.

ஆம்பியரைவிட உள்ளே ஓடும் மென்பொருளைக் கவனியுங்கள். பிஎல்ஹெலி-எஸ் வகையோ, திறந்த மூலமான ஏஎம்32 வகையோ இருந்தால் டிஷாட் என்ற டிஜிட்டல் முறையில் கன்ட்ரோலரோடு பேசும். நான்கு மோட்டாரையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் கேலிபிரேஷன் வேலை மிச்சம். பழைய வகையும் பறக்கும், ஆனால் நான்கையும் சரியாக ஒத்துப்போக வைக்கப் பொறுமை வேண்டும்.

ஃபிரேமை நானே மரத்தில் செய்யலாமா?

தாராளமாகச் செய்யுங்கள். மரம் அதிர்வை நன்றாக உள்வாங்கும். மெராந்தி போன்ற மரத்தில் 12 மில்லிமீட்டர் சதுரச் சட்டம் நான்கு, நடுவில் மெல்லிய பலகை இரண்டு. தச்சுப் பட்டறையில் கழிவாகப் போட்டதே போதும். கணு இல்லாத, நேரான ரேகையுள்ள துண்டாகப் பார்த்து எடுங்கள். நான்கு கையும் ஒரே நீளம், மோட்டார் உட்காரும் இடம் சமதளம், இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

ஒயர் இழுக்கும் பி.வி.சி. குழாயில் கட்டாதீர்கள். அது வளைந்து கொடுக்கும். கை வளையும்போது மோட்டாரின் கோணம் மாறும், கன்ட்ரோலர் அதைத் திருத்தப் போய் இன்னும் ஆடும், கடைசியில் நடுக்கமே நிற்காது.

கன்ட்ரோலரில் மலிவானது எது?

இணையத்தில் மிக மலிவாகத் தெரிவது ஏ.பி.எம். 2.8 பலகை. நல்ல பலகையாகத்தான் ஒரு காலத்தில் இருந்தது. ஆனால் ஆர்டுபைலட் மென்பொருள் அந்தப் பலகைக்கு 3.2.1 பதிப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பின் வந்த திருத்தங்கள் எதுவும் அதில் ஏறாது. புதிதாகக் கற்கிறவர் தன் தவறா, பழைய மென்பொருளின் தவறா என்று தெரியாமல் திண்டாடுவார். விட்டுவிடுங்கள்.

எஃப்405 சில்லு உள்ள பலகை இன்றைக்குச் சரியான இடம். ஐநேவ் அல்லது பீட்டாஃபிளைட் மென்பொருள், இரண்டும் இலவசம், அதில் ஓடும். வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள்: பாரோமீட்டர் இருக்கிறதா (உயரத்தைப் பிடித்து நிற்க), திசைகாட்டியையும் ஜி.பி.எஸ்.ஸையும் இணைக்க இடம் இருக்கிறதா, உங்கள் மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் அந்தப் பலகையின் பெயர் இருக்கிறதா. இன்னும் வேகமான எஃப்7, எச்7 பலகைகளுக்குக் கூடுதல் காசு கொடுக்க முதல் ட்ரோனில் காரணமே இல்லை.

ஜி.பி.எஸ். வாங்கும்போது திசைகாட்டியும் சேர்ந்திருக்கும் வகையாகப் பாருங்கள். அதைச் சின்னத் தண்டில் உயர்த்தி வைக்க வேண்டும். பேட்டரி ஒயரில் ஓடும் மின்சாரம் காந்தப் புலத்தை உண்டாக்கும், பக்கத்தில் வைத்த திசைகாட்டி திசை தவறும், ட்ரோன் ஒரே இடத்தில் நிற்காமல் வட்டமடிக்கத் தொடங்கும்.

ரிமோட்?

ஃபிளைஸ்கை எஃப்எஸ்-ஐ6, ஆறு சேனல். பல ஆண்டுகளாக மாணவர்கள் நம்பி வாங்குவது இதுதான். ரிசீவரில் ஐபஸ் இணைப்பு உள்ளதாக எடுத்தால் எல்லாச் சேனலும் ஒரே ஒயரில் போகும். இன்னும் கொஞ்சம் காசு சேர்க்க முடிந்தால் ஈ.எல்.ஆர்.எஸ். என்ற திறந்த மூல ரேடியோ முறையில் இயங்கும் ரிமோட்டுக்குப் போங்கள். தூரமும் நம்பகமும் தெளிவாகவே கூடுதல், ரிசீவரும் மலிவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நம் நாட்டில் ரேடியோ அலை அனுப்பும் கருவிக்குச் சிரிம் எனும் தர நிர்ணய அமைப்பின் சான்று வேண்டும். உள்ளூர் விற்பனையாளரிடம் அதைக் கேட்டே வாங்குங்கள்.

செம்பனை ஓலையில் தண்ணீர் அதிகம். மழை விட்ட நேரத்தில் இன்னும் அதிகம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். திறந்த திடலில் நன்றாக வேலை செய்த ரிமோட், மரங்களுக்குப் பின்னால் போனதும் திணறுவது அதனால்தான். ஆகவே ரிமோட் இணைப்பு அறுந்தால் ட்ரோன் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். விசிறிகளைக் கழற்றிவிட்டு மோட்டாரை மெதுவாக ஓட்டி, ரிமோட்டை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் அந்த ட்ரோனை வெளியே எடுக்காதீர்கள்.

பேட்டரியில் 100சி என்று போட்டிருப்பதை வாங்கலாமா?

மிக அதிகமாக ஏமாற்று நடக்கும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சி என்பது பேட்டரி எவ்வளவு வேகமாக மின்சாரத்தைக் கொடுக்கும் என்ற அளவு. 5000 மில்லி ஆம்பியர் மணி என்றால் 5 ஆம்பியர் மணி. அதில் 25சி என்றால் 125 ஆம்பியர். நம் ட்ரோன் நான்கு மோட்டாரும் முழு வேகத்தில் ஓடினாலும் 60 ஆம்பியரைத் தாண்டாது. அந்தரத்தில் நிற்கும்போது 15 ஆம்பியர் போலத்தான். உண்மையான 25சி நமக்குத் தாராளம். 100சி என்று ஒட்டியிருக்கும் தாளுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

கொள்ளளவை எப்படிச் சரிபார்ப்பது? சமையலறைத் தராசு போதும். மூன்று செல் 5000 லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி பொதுவாக 350 முதல் 420 கிராம் இருக்கும். 5000 என்று எழுதி 230 கிராம்தான் இருக்கிறது என்றால் உள்ளே அவ்வளவு சரக்கு இல்லை. இணையத்தில் வாங்குமுன் எடையைக் கேளுங்கள். எடை சொல்லாத விற்பனையாளரை விட்டு அடுத்தவரிடம் போங்கள்.

பழைய மடிக்கணினி பேட்டரியைப் பிரித்து அந்த செல்களில் ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அவை இவ்வளவு மின்சாரத்தை இவ்வளவு வேகமாகக் கொடுக்கச் செய்தவை அல்ல. ஏறும்போது வோல்ட் சட்டென விழும், ட்ரோனும் விழும்.

எத்தனை நிமிடம் பறக்கும்? பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கைத்தான் பயன்படுத்த வேண்டும். 4 ஆம்பியர் மணியை 15 ஆம்பியரில் வகுத்தால் 16 நிமிடம். காற்று, திருப்பம் எல்லாம் போக 12 நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

என் மகன் இரவெல்லாம் அறையில் பேட்டரியை சார்ஜ் போடுகிறான். பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. லைப்போ தீப்பிடித்தால் கொழுந்துவிட்டு எரியும், அணைப்பதும் கடினம். பழைய பலகை வீடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடவே கூடாது. சிமெண்டுத் தரையில், திரையும் மெத்தையும் இல்லாத இடத்தில், ஆள் விழித்திருக்கும்போது மட்டும் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

மகனுக்கு: ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சமன்செய்யும் சார்ஜர் வேண்டும். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 5000 பேட்டரிக்கு 5 ஆம்பியருக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒரு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வையுங்கள். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு தடவை பார்க்கலாம் என்று மாட்டாதீர்கள். 12 வோல்ட் பல்பில் மெதுவாக வடித்துவிட்டு மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள். மலிவான பி6 வகை சார்ஜர் பல, சுவரில் சொருகும் அடாப்டர் இல்லாமல் வருகின்றன. விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பாகம் வாங்கலாமா?

ரிமோட் வாங்கலாம், குச்சிகள் நடுவுக்குச் சரியாகத் திரும்புகின்றனவா என்று பார்த்து. மோட்டார் வாங்கலாம். விரலால் சுற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது, தண்டு ஆடக் கூடாது. மூன்று ஒயரில் எந்த இரண்டைத் தொடவைத்துச் சுற்றினாலும் ஒரே மாதிரி இறுக்கம் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு ஜோடி லேசாகச் சுற்றினால் உள்ளே சுருள் பழுதாகியிருக்கலாம். பழைய பேட்டரி மட்டும் யார் கொடுத்தாலும் வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும்.

எங்கே வாங்குவது? சீனாவிலிருந்தா, இங்கேயா?

2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதோடு அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள். மோட்டார், கன்ட்ரோலர் போன்றவற்றுக்கு அப்போதும் வெளிநாடு மலிவாக வரலாம். பேட்டரியை மட்டும் உள்நாட்டிலேயே வாங்குங்கள். லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு இருப்பதால் தாமதமும் ரத்தும் சகஜம். ஒயர், கனெக்டர், சோல்டரிங் சாமான்களுக்கு, கோலாலம்பூர் போகும் வேலை இருந்தால் புடு பக்கம் ஜாலான் பாசார் போய் வாருங்கள். மின்னணுப் பாகக் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன.

எல்லாம் கட்டி முடித்தாயிற்று. பேட்டரியைச் சொருகலாமா?

பொறுங்கள். மோட்டார் சைக்கிள் பட்டறையில் 12 வோல்ட் 21 வாட் சிக்னல் பல்பு ஒன்று வாங்குங்கள். பேட்டரிக்கும் ட்ரோனுக்கும் நடுவே, சிவப்பு ஒயரின் வழியில் அதைத் தொடராக இணையுங்கள். விசிறி ஒன்றுகூட மாட்டியிருக்கக் கூடாது. இப்போது சொருகுங்கள். பல்பு ஒரு கணம் மினுக்கி மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஒயர் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கிறது. பல்பு இரண்டு ஆம்பியருக்குள் மின்சாரத்தைத் தடுத்து வைத்திருப்பதால் பெரும்பாலும் எதுவும் கருகியிருக்காது. கழற்றித் தேடுங்கள். சில ரிங்கிட் பல்பு, பல நூறு ரிங்கிட் பாகங்களைக் காப்பாற்றும்.

இதை வைத்துத் தோட்டத்தில் மருந்து அடிக்க முடியுமா?

முடியாது. பத்து லிட்டர் மருந்தே பத்து கிலோ. அதைத் தூக்கும் ட்ரோன் முற்றிலும் வேறு இனம், அதற்கான அனுமதியும் வேறு. கால்வாய் அடைத்திருக்கிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா என்று மேலிருந்து பார்க்க நம் 450 போதும்.

அனுமதி வேண்டுமா?

சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் வீட்டில் கட்டிய ட்ரோனுக்கும் பொருந்தும். தரையிலிருந்து 400 அடிக்கு மேல் போகக் கூடாது, விமான நிலையத்தைச் சுற்றிய வான்வெளியில் அனுமதியில்லாமல் பறக்கக் கூடாது. ஈப்போ பக்கம் போகிறவர்கள் சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தை மறக்க வேண்டாம். பறக்குமுன் ஆணையத்தின் தளத்தில் அந்த இடத்துக்கான விதியைப் பாருங்கள். மேலிருந்து படமெடுத்து வரைபடம் தயாரிப்பதற்கு ஜூப்பெம் எனும் நில அளவைத் துறையின் ஒப்புதல் தேவை. தோட்டத்துக்குள் என்றால் நிர்வாகியிடம் நேரில் போய்க் கேளுங்கள். கேட்டுக்கொண்டு போகிறவர்களைத் துரத்துவது அபூர்வம்.

செம்பனை மரத்தில் மாட்டிக்கொண்டால்?

அதற்காகவே ஒரு சின்ன பஸ்ஸர் வாங்கி மாட்டுங்கள், சொந்த பேட்டரி உள்ள வகையாக. விழும்போது பெரிய பேட்டரி கழன்றுபோனாலும் அது கத்தும். கீழே அடர்ந்த புல்லில் கிடந்தாலும் சத்தத்தை வைத்துத் தேடலாம். மரத்தின் மேலே என்றால் குலை வெட்டும் அண்ணன்மாரிடம் எக்ரெக் கம்பம் (அரிவாள் மாட்டிய நீளக் கம்பம்) இருக்கும், அவர்களே லாவகமாக இறக்கிக் கொடுப்பார்கள். மின்கம்பி பக்கத்தில் ஓடுகிறது என்றால் மட்டும் யாரையும் கேட்காதீர்கள், நீங்களும் கம்பத்தைத் தூக்காதீர்கள். அது அலுமினியம், கம்பியில் பட்டால் ஆள் பிழைப்பது கடினம். அங்கேயே விட்டுவிட்டு மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.